சென்ட்ரல் ஹீட்டிங் டைமரை நாங்களே மாற்றலாமோ?

கேள்வி | 2023 அக்டோபர் 14

லண்டன் ஹரோவில் எழுபதுகளில் கட்டின வீடு. குசினிச் சுவரில் இருக்கிற ஹீட்டிங் டைமர் செத்துப்போச்சு, வட்டத் தட்டு சுத்துதில்லை. வந்து பார்த்த ஆள் 180 பவுண் கேட்கிறார். புது டைமர் கடையில் 60 பவுணுக்குக் கிடக்குது. நாலைஞ்சு வயர்தானே, நானே மாத்தலாமோ? செய்த ஆக்கள் சொல்லுங்கோ.

அக்டோபர் 14, பின்னேரம் 5.20

மாற்றலாம். என்னுடையதை இன்று மத்தியானம்தான் மாற்றி முடித்தேன். 20 நிமிஷ வேலை.

எங்கள் வீட்டில் இருந்ததும் உங்களுடையதைப் போலத்தான். 24 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் தட்டு, விளிம்பில் நாலு பல்லு. பல்லு வந்து உள்ளே இருக்கிற நெம்பைத் தட்டினால் 'டக்' என்று சுவிட்ச் மாறும், மேலே பொயிலர் மூச்சு விடும். போன மாதம் தட்டு சரியாகப் பின்னேரம் மூன்று மணியில் நிற்கத் தொடங்கியது. விரலால் கொஞ்சம் தள்ளிவிட்டால் ஓடும். அடுத்த நாள் அதே மூன்று மணியில் திரும்ப நிற்கும்.

இங்கே கடையில் கிடைக்கிற டைமர்களில் முக்கால்வாசி ஒரே மாதிரியான பின்தட்டில்தான் மாட்டும். ஆறு முனை: நியூட்ரல், லைவ், பிறகு 1, 2, 3, 4. சுடுதண்ணி 'ஓஃப்' ஆனால் 1இல் கரண்ட் வரும், ஹீட்டிங் 'ஓஃப்' ஆனால் 2இல். சுடுதண்ணி 'ஓன்' 3, ஹீட்டிங் 'ஓன்' 4. உங்களிடம் ஏற்கெனவே அந்தத் தட்டு இருந்தால் அடியில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய முகத்தைத் தூக்கி, புது முகத்தைத் தொங்கவிட்டால் சரி. வயரைத் தொடவே தேவையில்லை. என்னுடையது அதற்கும் முந்தினது. முனைகளின் எண் வரிசையும் வேறு. அதனால் தட்டையும் மாற்றினேன்.

இரண்டு கேபிள் வந்தது. ஒன்றில் சிவப்பும் கறுப்பும். அது லைவும் நியூட்ரலும். மற்றதில் சிவப்பு, மஞ்சள், நீலம். சிவப்பை 3இல் போட்டேன், மஞ்சளை 4இல். நீலம் நியூட்ரல்தானே, கறுப்போடு சேர்த்துவிட்டேன். வெற்றுச் செப்பு எர்த் வயருக்குத் தட்டில் சும்மா ஒரு இருப்பிடம் உண்டு. பிளாஸ்டிக் பெட்டிக்கு எர்த் தேவையில்லை, ஆனால் அதை வெட்டிவிட வேண்டாம்.

சுடுதண்ணியைப் போட்டுப் பார்த்தேன், பொயிலர் பற்றியது. இப்போது பிளேன்ரீ குடிக்கிறேன். 180 பவுணைக் கொடுக்காதேங்கோ.

அக்டோபர் 14, இரவு 11.40

மேலே எழுதினதை ஒருவரும் செய்ய வேண்டாம். பியூஸ் போய்விட்டது. பெட்டி இருட்டு. நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 15, காலை

சுடுதண்ணி சிலிண்டர் அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற ஸ்பர் சுவிட்சில் (ஹீட்டிங்குக்குக் கரண்ட் போகிற, பியூஸ் வைத்த சுவிட்ச்) 3 அம்பியர் பியூஸ். புதுசு போட்டேன். டைமரின் திரை வந்தது, சுடுதண்ணியை 'ஓன்' ஆக்கினேன், அந்தக் கணமே போனது. பொயிலர் பற்றக்கூட இல்லை. நேற்று மத்தியானம் இதே சுடுதண்ணி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒன்றும் விளங்கவில்லை.

கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெட்டியைத் திரும்ப மடித்தும் வைத்துவிட்டேன். பிழை டைமரில்தான் என்று அப்போது சத்தியமே பண்ணியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் 13 அம்பியர் பியூஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "இதைப் போடு, நிற்கும்" என்றார். நிற்கும்தான். பியூஸ் நிற்கும், உள்ளே இருக்கிற மெல்லிய சுவிட்ச் முனைகள் உருகும். நன்றி சொல்லி வாங்கி மேசையில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, மத்தியானம்

அம்மா குளித்தா. மகள் குளித்தாள். சிலிண்டரில் இருந்த நேற்றைய சுடுதண்ணி முடிந்தது. மூன்றாவது பியூஸைப் போட்டேன். என்ன அதிசயம், ஓடுகிறது!

ஐம்பது நிமிஷம் ஓடியது. பிறகு போனது.

குசினியில் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "தண்ணி சுட்டாப் பிறகுதானே அது கோவிக்குது."

அக்டோபர் 15, இரவு

பிடித்துவிட்டேன். நீல வயர். அதை நியூட்ரலில் போடச் சொன்ன முட்டாள் நான்தான்.

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த நாட்டுப் பழைய வீடுகளில் இந்தப் பொறி கன இடத்தில் இருக்கும்.

இப்போது பிரிட்டனில் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர்களில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். இந்த நிறங்களைப் பாவிக்க 2004 மார்ச் 31இலிருந்து விட்டார்கள், 2006 ஏப்ரல் 1இலிருந்து புது வேலைக்கு இதுதான் கட்டாயம். அதற்கு முன்பு சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யோசிக்காதது மூன்று வயர் கேபிளை. பழைய மூன்று வயர் கேபிளின் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றுமே லைவாக வரக்கூடியவை. அதில் நியூட்ரல் என்று ஒன்றே கிடையாது. கெட்டிலின் வயரிலும் லாம்பின் வயரிலும் நீலத்தை நியூட்ரலாகவே பார்த்துப் பழகின கண் எனக்கு.

படம் எடுத்தாயா என்று கேட்பீர்கள். எடுத்தேன். நாலு படம். பிளாஷ் பட்டு, நீல வயருக்குக் கீழே இருந்த எண் மட்டும் வெள்ளையாக வெளுத்துப் போயிருக்கிறது.

அந்த நீலம் உண்மையில் 1ஆம் முனைக்குரியது, சுடுதண்ணி 'ஓஃப்'. தண்ணி 'ஓஃப்' என்றால் எதற்கு ஒரு வயர், கரண்ட்டை நிற்பாட்டினால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது, வீட்டில் மூன்று வாய் வால்வு இருந்தால். ஹனிவெல் கொண்டுவந்த 'வை பிளான்' என்ற ஏற்பாடு அது. ஒரே வால்வு. ஒரு வாயால் பொயிலரின் தண்ணி வரும், ஒரு வாய் சிலிண்டருக்கு, மற்றது ரேடியேட்டர்களுக்கு. சும்மா இருக்கும்போது வால்வு சிலிண்டர்ப் பக்கம் திறந்தபடி கிடக்கும். ரேடியேட்டர் கேட்டால் வால்வின் வெள்ளை வயரில் கரண்ட் வரும், வால்வு நடுவுக்குப் போய் இரண்டு பக்கமும் தண்ணி விடும். 'சிலிண்டருக்குக் காணும், ரேடியேட்டருக்கு மட்டும் விடு' என்று அதற்குச் சொல்வது சாம்பல் வயர். அந்தச் சாம்பலுக்குக் கரண்ட் இரண்டு வழியால் வரலாம். டைமரில் சுடுதண்ணியை 'ஓஃப்' ஆக்கினால் 1ஆம் முனையிலிருந்து, அல்லது சிலிண்டரில் கட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் 'தண்ணி சுட்டுவிட்டது' என்று மாறும்போது அதிலிருந்து.

இனி நான் செய்ததைப் பாருங்கள். சாம்பலுக்குப் போகும் நீலத்தை நான் நியூட்ரலில் கட்டி வைத்திருக்கிறேன். தண்ணி குளிர்ந்து இருக்கும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. 60 பாகை வருகிறது, தெர்மோஸ்டாட் 'டிக்' என்று மாறுகிறது, சாம்பல் பக்கத்துக்கு லைவை அனுப்புகிறது, அங்கே நியூட்ரல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. லைவும் நியூட்ரலும் நேருக்கு நேர். பியூஸ் தன் வேலையைச் செய்தது. சிலிண்டர் சூடாக இருக்கும்போது போட்டால் உடனே போகும், குளிர்ந்திருந்தால் ஐம்பது நிமிஷம் பொறுக்கும். அம்மா சொன்னது அச்சொட்டாகச் சரி.

நீலத்தை 1க்கு மாற்றினேன். இரண்டு மணித்தியாலமாக ஓடுகிறது. சுடுதண்ணியை நிற்பாட்டி ஹீட்டிங்கை மட்டும் போட்டேன், அதுவும் வேலை. இதை முதல்நாளே செய்து பார்த்திருந்தால், ஹீட்டிங் தனியே போட்டால் பொயிலர் பற்றவில்லை என்று கண்டிருப்பேன். நான் பிளேன்ரீ குடிக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 16

ஒரு பியூஸ் போனால் பரவாயில்லை, மூன்று முறை ஷோர்ட் ஆனதில் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிப் போயிருக்குமோ என்று இரவு நித்திரை இல்லை. காலையில் பார்த்தேன், மாறுகிறது. தப்பியது.

அக்டோபர் 17

முதல் குறிப்பில் கரண்ட்டை நிற்பாட்டுவது பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒருவர் தனிச்செய்தியில் ஏசினார். ஏச்சு நியாயம்தான்.

ஸ்பர் சுவிட்சை நிற்பாட்டி, பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கோ. பை முக்கியம். நீங்கள் படிக்கு மேலே நிற்கும்போது, கீழே ஒருவர் "ஏன் தண்ணி சுடேல்லை" என்று சுவிட்சைத் தட்டலாம். எங்கள் வீட்டில் தட்டுவார்கள். பிறகு டெஸ்டரால் ஒவ்வொரு முனையையும் பாருங்கோ, லைவை மட்டும் பார்த்துவிட்டு விடாதேங்கோ. சில வீடுகளில் யாரோ ஒருவர் டைமருக்கு ஒரு இடத்திலிருந்தும் பொயிலருக்கு இன்னொரு இடத்திலிருந்தும் கரண்ட் எடுத்து வைத்திருப்பார். ஸ்பரை நிற்பாட்டினாலும் 3ஆம் முனை உயிரோடு இருக்கும்.

என்ன டெஸ்டர்? அப்பா யாழ்ப்பாணத்தில் சட்டைப் பையில் பேனையோடு சேர்த்து ஒரு டெஸ்டர் வைத்திருப்பார், ஸ்க்ரூ டிறைவர் போல, பிடிக்குள் சின்ன நியோன் விளக்கு. நுனியை வயரில் வைத்து, பின்பக்கத் தகட்டில் பெருவிரலை வைத்தால் செம்மஞ்சளாக மினுங்கும். மினுங்குவதற்கு கரண்ட் போகிற பாதை அப்பாவின் உடம்பு. இங்கே வந்தபோது அதையும் கொண்டுவந்தேன், இன்றும் லாச்சிக்குள் கிடக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம். வெளிச்சத்தில் மினுங்கல் தெரியாது, காய்ந்த கம்பளத்தில் நின்றால் மங்கும். கிட்டக் கொண்டுபோனால் கீச்சிடுகிற பேனையும் வேண்டாம், பக்கத்து வயருக்கும் கீச்சிடும். இரண்டு கம்பி வைத்த டெஸ்டர் வாங்குங்கோ. கரண்ட் இருக்கிற இடம் ஒன்றில் முதலில் பாருங்கோ, பிறகு டைமர் முனைகளில், பிறகு திரும்ப அந்த முதல் இடத்தில். மூன்றாவது தடவை எதற்கென்றால், நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருக்கலாம்.

அக்டோபர் 19

"இது சட்டப்படி சரியோ" என்று இரண்டு பேர். இங்கிலாந்தில், இருந்த டைமர் இருந்த இடத்திலேயே மாறுகிறதென்றால் வீட்டு மின்வேலைக்கான 'பார்ட் பி' விதிகளின்படி கவுன்சிலுக்கு அறிவிக்கத் தேவையில்லை. வேலை ஒழுங்காக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பொயிலரின் மூடிக்குள் கை வைப்பது வேறு கதை, கேஸ் பகுதிக்கு 'கேஸ் சேஃப்' பதிவுள்ளவர்தான் வேண்டும். அதற்கு முந்தின 'கோர்கி' அட்டையை இன்னும் காட்டுகிற ஆக்கள் இருக்கினமாம். அது 2009 ஏப்ரலோடு முடிந்த கதை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ, அவர் மாற்றட்டும்.

கொம்பி பொயிலர் (தண்ணியைச் சேமிக்காமல் கேட்ட நேரம் சுடவைக்கிறது) வைத்திருக்கிறவர்கள் இந்த இழையைப் பார்த்துச் செய்ய வேண்டாம். சிலிண்டர் இல்லை, மூன்று வாய் வால்வும் இல்லை. சில பொயிலர்கள் டைமரிடமிருந்து 230 வோல்ட்டை எதிர்பார்ப்பதில்லை, வெறும் சுவிட்சைத்தான் எதிர்பார்க்கும். அங்கே 230ஐ அனுப்பினால் போவது 3 அம்பியர் பியூஸ் இல்லை, பொயிலரின் சர்க்கிட் பலகை.

அக்டோபர் 22

டைமர் சரி. பிரச்சினை இப்போது அம்மா.

பழைய தட்டை அம்மா கண்ணாலேயே பார்க்கமாட்டா. குசினிக்குள் வந்தவுடன் பெருவிரலால் விளிம்பைத் தடவுவா, பல்லு எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும். குளிர் கூடினால் ஒரு பல்லை ஒரு விரல்கடை பின்னுக்கு இழுத்துவிடுவா. நானோ மனுசியோ அதைத் தொட்டால் அடுத்த நாள் காலை கண்டுபிடித்து "ஆர் இதைக் குழப்பினது" என்று கேட்பா. பதினேழு வருஷமாக இந்த வீட்டின் ஹீட்டிங்கை நடத்தினது அம்மா. பில் கட்டினது மட்டும் நான்.

புதுசில் ஒன்பது பொத்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே வழுவழு. திங்கள் முதல் ஞாயிறு வரை தனித்தனியாக, நாளுக்கு மூன்று தடவை, சுடுதண்ணிக்கு வேறு, ஹீட்டிங்குக்கு வேறு. நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து 42 நேரங்களைப் பதிந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில எங்கை பல்லு?" என்றா.

மகள் ஒரு வழி கண்டாள். '+1 மணி' பொத்தானில் நெயில் பொலிஷால் ஒரு பெரிய துளி. காய்ந்த பிறகு புடைத்து நிற்கிறது. அம்மாவின் பெருவிரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அக்டோபர் 23

ஹைவ் போன்ற போனால் இயக்குகிறதைப் போட்டிருக்கலாமே என்று கேட்டவருக்கு: போடலாம், சுடுதண்ணியும் சேர்ந்த ஹைவ் பெட்டி இதே பின்தட்டில்தான் மாட்டும், 1 முதல் 4 வரை அதே கணக்கு. ஆனால் அம்மாவிடம் ஸ்மார்ட் போன் இல்லை. இருக்கிற போனையும் பிரிட்ஜுக்கு மேலேதான் வைத்திருக்கிறா.

அக்டோபர் 29

இன்று விடிய நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போனது. புது டைமர் தானே மாற்றிக்கொண்டது. பழையதுக்கு இது பெரிய சடங்கு. அந்தத் தட்டைப் பின்னுக்குச் சுற்றக்கூடாது, உள்ளே நெம்பு முறிந்துவிடும். அதனால் ஒக்டோபரில் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போக 23 மணித்தியாலம் முன்னுக்குச் சுற்றவேண்டும். அம்மா சுற்றுவா. வழியில் நாலு பல்லும் 'டக் டக்' என்று விழும், மேலே பொயிலர் பற்றி அணையும்.

நேரம் கிடைத்ததால் பழையதைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சின்ன மோட்டர், மெயின்ஸின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பைப் பிடித்தபடி அதே கதியில் சுற்றும். குவார்ட்ஸ் இல்லை, பட்டரி இல்லை. கரண்ட் போனால் நேரமும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மோட்டருக்கு ஒன்றும் இல்லை. கடைசி நைலோன் சில்லில் ஒரே ஒரு பல்லு உடைந்திருக்கிறது. அந்தச் சில்லு நாளுக்கு ஒரு சுற்று. உடைந்த பல்லு பின்னேரம் மூன்று மணிக்கு வரும்.

இந்தச் சாதிப் பெட்டிகள் செய்த பழைய பேர்களில் ஒன்று ஹோர்ஸ்ட்மன். பாத் நகரத்தில் மணிக்கூடு செய்த ஜேர்மன் வழிக் குடும்பத்தின் கம்பனி. வீட்டு ஹீட்டிங்குக்கு முன்பு தெருவில் நின்ற கேஸ் விளக்குகளைக் கொளுத்தி அணைக்கிற மணிக்கூட்டுப் பொறிகளைச் செய்தவர்கள். அவர்களுடைய 425 ஒன்று என் சிநேகிதன் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அவன் தூசியும் துடைப்பதில்லை, துடைத்தால் நின்றுவிடுமாம்.

நவம்பர் 5

கேள்வி கேட்டவர் தன் பெட்டியின் படம் அனுப்பியிருக்கிறார். அண்ணை, உங்களுடையதில் நீல வயரின் நுனியில் கறுப்பு டேப் சுற்றி ஒன்றிலும் கொழுவாமல் விட்டிருக்கிறார்கள். அதை வெட்டவும் வேண்டாம், 1இல் போடவும் வேண்டாம். சிலிண்டர் அலுமாரியைத் திறந்து எத்தனை வால்வுப் பெட்டி என்று எண்ணுங்கோ.

நவம்பர் 6

இரண்டு பெட்டியாம். அப்போ 'எஸ் பிளான்'. தண்ணிக்கு ஒரு வால்வு, ரேடியேட்டருக்கு ஒரு வால்வு, ஒவ்வொன்றும் கரண்ட் வந்தால் திறக்கும், நின்றால் ஸ்பிரிங்கால் மூடும். 'தண்ணி காணும்' என்று யாருக்கும் தனியே சொல்லத் தேவையில்லை. 1 காலியாகவே இருக்கட்டும். என் மூன்று பியூஸ் கதை உங்களுக்கு வராது.

ஒன்று மட்டும்: புதுப் பெட்டியின் முதுகில் ஒரு குட்டி மாற்றி இருக்கும், கிராவிட்டியா (சுடுதண்ணி தானே மேலே ஏறிச் சிலிண்டருக்குப் போவது) பம்ப்பா என்று. வால்வு இரண்டு இருக்கிறபடியால் பம்ப் பக்கம் தள்ளுங்கோ. மற்றப் பக்கம் விட்டால் சுடுதண்ணி போடாமல் ஹீட்டிங் போட விடாது. சுவரில் மாட்டின பிறகு அது தெரியாது, நான் இரண்டு தடவை கழற்றினேன்.

நவம்பர் 11

அண்ணை மாற்றிவிட்டாராம். 35 நிமிஷம். ஒரு பியூஸும் போகவில்லையாம். கொஞ்சம் பொறாமைதான்.

2024 மார்ச் 31

நேரம் முன்னுக்குப் போகிற நாள். டைமர் தானே மாறிவிட்டது என்று அம்மாவிடம் நேற்றிரவே சொன்னேன். தலையாட்டினா. விடிய ஆறு மணிக்கு இறங்கி வந்தால் வீடு அடுப்பு மாதிரி, ரேடியேட்டர் எல்லாம் கொதி. அம்மா குசினி வாசலில் நிற்கிறா. "ஒரு மணித்தியாலம் கூட்டோணும் எண்டுதானே, நான் கூட்டிப்போட்டன்" என்று நெயில் பொலிஷ் துளியைக் காட்டுறா.